மதிய இடைவேளையில் படித்த புத்தகம்

நீதிமன்றத்தில் அவளை எல்லோரும் கிறுக்கம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். புத்தியில் கோளாறு ஒன்றுமில்லை. அவள் சுருக்கெழுத்தாளர். இருபத்தொன்பது வருஷமாக நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டிலிருந்து இரண்டடி தள்ளி உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் சொல்வதையெல்லாம் நோட்டில் கோடும் புள்ளியுமாகக் கிறுக்கி, பிறகு அதைத் தட்டச்சு செய்து கொடுப்பது அவள் வேலை. அந்தப் பெயரை வைத்தவர் ஒரு வக்கீல். அவருக்கு மற்றவர்கள் வைத்த பெயர் வாய்தா. எந்த வழக்கில் எழுந்து நின்றாலும் வாயைத் திறந்ததும் இன்னொரு தேதி கேட்பார். அவர் கல்யாணத்துக்கே இரண்டு முறை தேதி மாற்றினார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

கிறுக்கம்மாவுக்குச் சிரிக்கக்கூடத் தெம்பு குறைந்துகொண்டு வந்த காலம் அது. வயது ஐம்பத்தாறு. வலது மணிக்கட்டில் எப்போதும் ஒரு பட்டை. கண்ணுக்கு முன்னால் அதே கட்டுகள், அதே முகங்கள். வழக்குப் போட்டவர் செத்துப்போய், மகன் வந்து, மகனுக்கும் தலை நரைத்து, இன்னும் மூன்றாவது சாட்சியைத் தாண்டாத வழக்குகள் எல்லாம் அங்கே உண்டு. ‘அடுத்த மாதம் பதினான்காம் தேதிக்கு ஒத்திவைக்கப்படுகிறது’ என்பதை யோசிக்காமல், தூக்கத்தில் கேட்டாலும் எழுதிவிடுவாள்.

மதியம் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிவரை மட்டும் அவள் வேறு ஒரு நீதிமன்றத்துக்குப் போய்விடுவாள். அது புத்தகத்துக்குள் இருந்தது.

புத்தகங்கள் சர்ச் நூலகத்திலிருந்து வந்தவை. நூலகம் என்பது பெரிய வார்த்தை. ஆராதனைக் கூடத்தின் பின்சுவரை ஒட்டி நின்ற இரண்டு இரும்பு அலமாரிகள். சாவி அவள் நாத்தனாரிடம். நாத்தனார் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை, கல்யாணம் செய்துகொள்ளாதவள். கிறுக்கம்மாவின் கணவர் காலமானபிறகு அண்ணியும் நாத்தனாருமாக ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர் இறந்த வருஷம், பொழுது போகட்டும் என்று நாத்தனார்தான் முதல் புத்தகத்தைக் கையில் திணித்தாள். கிறிஸ்தவ வழக்கறிஞர் கதை. வெளிநாட்டுக்காரர் எழுதி, யாரோ பொறுமையாகத் தமிழாக்கியது. அட்டையில் ஒரு சுத்தியல், ஒரு சிலுவை, திரும்பிப் பார்த்தபடி ஓடுகிற ஒரு பெண்.

அந்த முதல் புத்தகத்தை அவள் கையில் பென்சிலோடுதான் படித்தாள். ‘இந்தக் கேள்வியை அனுமதிக்க மாட்டார்கள்.’ ‘இப்படி ஒரே நாளில் எந்தக் கோர்ட்டிலும் நடக்காது.’ ‘சாட்சியிடம் வக்கீல் இவ்வளவு கிட்டே போகக் கூடாது.’ ஓரங்களில் இப்படிக் குறிப்பு எழுதிக்கொண்டே போனாள். நாற்பதாம் பக்கத்துக்குப் பிறகு குறிப்பு ஒன்றும் இல்லை. பென்சில் எங்கேயோ உருண்டு போயிருந்தது, அவள் தேடவில்லை.

அதற்குப் பிறகு அலமாரியில் இருந்த அந்த வகைப் புத்தகம் அத்தனையும் படித்தாகிவிட்டது. கதை கிட்டத்தட்ட ஒன்றுதான். தப்பே செய்யாத ஒருவர்மேல் பழி. விசுவாசத்தை இழந்த, அல்லது இழக்கப்போகிற ஒரு வக்கீல். மிரட்டல், துரத்தல், காணாமல் போகிற கோப்பு. வக்கீல் கார் நிறுத்துமிடத்தில் மண்டியிட்டு ஜெபிப்பார். கடைசி அத்தியாயத்தில், பொய் சொன்ன சாட்சி கூண்டிலேயே உடைந்துபோய் உண்மையைக் கொட்டுவான்.

“இதப் படிச்சு உங்களுக்கு என்னம்மா கெடைக்குது?” என்று வாய்தா ஒருநாள் தட்டச்சு அறை வாசலில் நின்று கேட்டார். “நம்ம கோர்ட்ல சாட்சி அழுது பாத்திருக்கீங்களா? மொதல்ல சாட்சி வந்து பாத்திருக்கீங்களா?”

“வராத சாட்சியெல்லாம் இதுல வர்றாங்க சார். அதான் படிக்கிறேன்.”

“அட்டையில சுத்தியல் வேற. நம்மகிட்ட இருக்கிற ஒரே சுத்தியல் ஜன்னலுக்கு ஆணி அடிக்கிறது.”

“அதுவும் போன மாசத்திலேர்ந்து காணோம்” என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தச் சமயத்தில் ஓடிக்கொண்டிருந்த வழக்குகளில் ஒன்று முதியோர் இல்லத்து ஆயாவுடையது. நாற்பது வயதுப் பெண். படுக்கையில் இருப்பவர்களைக் குளிப்பாட்டி, உணவூட்டி, துணி மாற்றுகிற வேலை. ஒரு முதியவர் இதய மாத்திரையை அளவுக்கு மீறி உட்கொண்டு இறந்துவிட்டார். மருந்து அறைக்குள் போய் மாத்திரையை எடுத்து அஜாக்கிரதையாகக் கொடுத்தது ஆயாதான் என்று வழக்கு. அவள் அந்த அறைக்குள் போனாள் என்பதற்கு இருந்த ஒரே சாட்சி இல்லத்தின் காவலாளி. ஆயாவுக்கு வக்கீல் வைக்க வசதியில்லாததால் அரசாங்கமே ஒருவரை நியமித்திருந்தது. அவர்தான் வாய்தா.

இறுதி வாதம் நடந்த அன்று, சமீபத்தில் மாற்றலாகி வந்திருந்த அரசு வக்கீல் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு காவலாளியின் வாக்குமூலத்தைப் படித்தார். “‘அந்தப் பெண் மருந்து அறைக்குள் போனதை நான் பார்த்தேன். கதவுச் சத்தமும் கேட்டது.’ இதைவிடத் தெளிவாக ஒரு சாட்சி எப்படிச் சொல்ல முடியும், ஐயா?”

கிறுக்கம்மாவின் பேனா நின்றது. இருபத்தொன்பது வருஷத்தில் பேனா நின்றதாக அவளுக்கு ஞாபகமில்லை.

அவன் அப்படிச் சொல்லவில்லை. காவலாளியின் முகம் மறந்துபோயிருந்தது, குரல் மறக்கவில்லை. மூக்கடைத்த குரல். ‘நான் பாக்கலைங்க. கதவுச் சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.’ எதிரே குற்றவாளிக் கூண்டில் ஆயா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒன்றரை வருஷம் நின்று நின்று, தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்பதே அலுத்துப்போன முகம்.

மதிய இடைவேளையில் அன்று அவள் புத்தகத்தைத் திறக்கவில்லை. ஆவண அறைக்குப் போனாள். சுருக்கெழுத்து நோட்டுகளை ஒரு வருஷம் வைத்திருந்து பிறகு கழித்துவிடுவார்கள். காவலாளி சாட்சி சொல்லிப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. அந்த வருஷத்து நோட்டுகளைக் கயிறு போட்டுக் கட்டி மூலையில் தள்ளியிருந்தார்கள். தரையில் உட்கார்ந்து கட்டை அவிழ்த்துத் தேடினாள். இருபது நிமிஷத்தில் கிடைத்தது. அவளுடைய கோடுகள். சந்தேகத்துக்கு இடமே இல்லை: ‘பார்க்கவில்லை. கதவுச் சத்தம் மட்டும்.’

அந்த நாள் ஒவ்வொரு துண்டாக ஞாபகத்துக்கு வந்தது. காலையில் சாட்சியம். மதியம் அவள் ஏழாவது புத்தகத்தின் கடைசி அத்தியாயங்களில் இருந்தாள். அதில் ஒரு லாரி ஓட்டுநர் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ‘நான் பார்த்தேன்! கர்த்தர் சாட்சியாக, நான் பார்த்தேன்!’ என்று கதறுகிற இடம். நீதிபதி ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்ததால் இரண்டு மணிக்குமேலும் பத்து நிமிஷம் படித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, நோட்டைப் பிரித்துத் தட்டச்சில் உட்கார்ந்தாள். கை இங்கே அடித்தது, மனசு அங்கேயே இருந்தது. காவலாளி பேருந்துக்கு நேரமாகிறது என்று வாசலில் தவித்துக்கொண்டிருந்தான். வாக்குமூலத்தைச் சாட்சிக்கு வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அவள் வாசிக்கவில்லை. அவனும் கேட்கவில்லை. ‘வாசித்துக் காட்டப்பட்டது, சரி’ என்ற முத்திரையைக் குத்தினாள். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினான். வாய்தா அன்று வேறு அறையில் வேறு ஒரு வழக்குக்குத் தேதி கேட்டுக்கொண்டிருந்தார். அவருடைய இளநிலை வக்கீல் ‘கேள்வி இல்லை’ என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

தலைமை எழுத்தரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினாள். ஓய்வுபெற ஒன்பது மாதம் இருக்கிற மனுஷர். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகப் பேசினார்.

“யாராவது கேட்டாங்களா உங்கள?”

“இல்லைங்க.”

“அடுத்த மாசம் இந்த நோட்டு கழிவுக்குப் போயிடும். சாட்சி கையெழுத்துப் போட்டிருக்கான். வக்கீல் ஒண்ணும் சொல்லல. நீங்களா போய் ஏன்மா வாயக் குடுக்கிறீங்க?”

“நான் தப்பா அடிச்சிருக்கேனே.”

“தப்பு மட்டுமில்ல. வாசிச்சுக் காட்டினேன்னு முத்திரை குத்தியிருக்கீங்க. அது வேற கணக்கு. வேலைக்கே உலை வெச்சிடும்.” அவர் நோட்டை மூடி அவள் பக்கம் தள்ளினார். “நான் இதப் பாக்கல.”

அவர் கெட்டவர் இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லாதபோதெல்லாம் சொல்லாமலே விடுப்புப் போட்டுக் கொடுத்தவர்தான்.

சாயங்காலம் வீட்டில் நாத்தனாரிடம் சொன்னாள். நாத்தனார் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற கை நிற்காமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

“உன் புஸ்தகத்தாலதான் வந்துது” என்றாள் கிறுக்கம்மா.

“என் புஸ்தகமா? நான் எழுதினேனா, அண்ணி?”

“நீதானே கொடுத்தே.”

“சரி, நான்தான் கொடுத்தேன். அதுல வர்ற ஆளு இப்ப என்ன செய்வான்?”

“அவன் செஞ்சிடுவான். அவனுக்கென்ன, எழுதினவர் பாத்துக்குவார்.”

நாத்தனாருக்குச் சட்டென்று சிரிப்பு வந்துவிட்டது. பிறகு கையிலிருந்த துண்டைக் கீழே வைத்தாள். “அண்ணி, நான் ஒண்ணும் சொல்லல. போய்ச் சொல்லுன்னு சொன்னா, உன் வேலை போச்சுன்னா நானா வந்து உழைப்பேன்? சொல்லாதேன்னு சொன்னா, அந்தப் பொண்ணு மொகத்த நானா தினம் பாக்கப் போறேன்? நீதான் அங்க உக்காந்திருக்கே.”

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய்விட்டாள். ஆவண அறையில் யாருமில்லை. புத்தகங்களில் இந்த இடத்தில் மண்டியிடுவார்கள், மனசு லேசாகும், ஒரு வசனம் ஞாபகத்துக்கு வரும், வழி தெரியும். அவளும் முழங்காலைத் தரையில் ஊன்றினாள். தூசு கிளம்பி இரண்டு தும்மல் வந்தது. ‘ஆண்டவரே’ என்றாள். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வசனமும் வரவில்லை. அலமாரிக்குப் பின்னால் எலியோ பல்லியோ காகிதத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தது. எழுந்திருக்க அலமாரியின் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. மனசு லேசாகவில்லை. ஆனால் எழுந்து நின்றபோது, இன்னொரு நாள் இதைத் தூக்கிக்கொண்டு அலைய உடம்பில் வலுவில்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. தைரியம் என்று அதைச் சொல்ல முடியாது. நோட்டை எடுத்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி, நீதிபதியின் தனி அறைக்குப் போனாள்.

நீதிபதி அவளைவிட ஆறு வயது சின்னவர். மேஜையில் கட்டுகளுக்கு நடுவே அவர் தலை மட்டும்தான் தெரிந்தது. கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“‘கவனக்குறைவால்’னு எழுதியிருக்கீங்க. உங்க வேலையில நான் கவனக்குறைவு பாத்ததில்லையே.”

“அன்னைக்கு ஒரு கதைப் புஸ்தகம் படிச்சிட்டு இருந்தேங்க ஐயா. மனசு அதுலயே இருந்துடுச்சு.”

“என்ன கதை?”

“கோர்ட்டுக் கதைதாங்க. சர்ச்ல கிடைக்கிறது. வக்கீல் ஜெபம் பண்ணுவார், கேஸ் ஜெயிக்கும்.”

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தாள். அவர் நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர்போலக் கேட்டார்: “நாள் முழுக்க இந்தக் கோர்ட்லயே உக்காந்திருக்கீங்க. கொஞ்சம் ஓய்வு கிடைச்சா மறுபடி ஒரு கோர்ட்டா? வேற கதையே கிடைக்கலையா?”

“அதுல வழக்கு முடிஞ்சிடுதுங்க ஐயா.”

அவர் மேஜைமேல் இருந்த கட்டுகளைப் பார்த்தார். “எத்தனை பக்கத்துல?”

“முன்னூத்திருபது.”

அவர் சிரிக்கவில்லை. அவளே தொடர்ந்தாள், கேட்காமல் அவரிடம் அவள் பேசியது அதுதான் முதல் தடவை. “அப்புறம், அதுல பொய் சொன்னவனுக்குத் தூக்கம் வராதுங்க. அவனாலயே தாங்க முடியாம ஒருநாள் வந்து சொல்லிடுவான். இங்க எல்லாரும் நல்லாத் தூங்குறாங்க.”

“நீங்க?”

“நேத்து தூங்கலைங்க.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணை அழுத்திக்கொண்டார். “இத நான் பதிவு பண்ணியாகணும். உங்கமேல நடவடிக்கையும் எடுத்தாகணும். தெரியுமில்ல?”

“தெரியுங்க.”

“வெளிய உக்காருங்க. தண்ணி குடிங்க.”

செய்தி அரை மணி நேரத்தில் கட்டடம் முழுக்கப் பரவியது. வாய்தா மூச்சு வாங்க ஓடிவந்தார். “அக்கா, இது போதும், இது போதும்” என்றார். கிறுக்கம்மா என்று அவர் கூப்பிடாதது அவளுக்கு ஏனோ பயமாக இருந்தது. காவலாளியைத் திரும்ப அழைக்க மனுப் போட்டார். அன்று அவர் தேதி கேட்கவில்லை. நீதிபதியேதான் பத்து நாள் தள்ளிக் கொடுத்தார்.

அந்தப் பத்து நாளும் அவள் மனசுக்குள் ஒரு காட்சி ஓடிக்கொண்டே இருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஓடியது. காவலாளி கூண்டில் ஏறுவான். வாய்தா அவனைக் கூர்ந்து பார்ப்பார். அவன் கை நடுங்கும். ‘ஐயா, நான் பாக்கவே இல்லை’ என்று உடைந்து அழுவான். ஆயா முகத்தைப் பொத்திக்கொள்வாள்.

காவலாளி வந்தான். அதே மூக்கடைத்த குரல். அழவில்லை. நான்கு மணிக்கு வேலைக்குப் போக வேண்டும், சீக்கிரம் விடுவார்களா என்று முதலில் கேட்டான்.

“நீ அந்தப் பெண் உள்ளே போனதைப் பார்த்தாயா, இல்லையா?” என்றார் வாய்தா.

“எழுதியிருக்கிறது சரியாத்தாங்க இருக்கும். கையெழுத்துப் போட்டிருக்கேனே.”

“எழுதியிருப்பதை விடு. உனக்கு என்ன ஞாபகம் இருக்கிறது?”

அவன் நெற்றியைச் சொறிந்தான். “மொதல்ல பாக்கலன்னுதான் நெனப்பு. கோர்ட்டுப் பேப்பர்ல இருக்கு, நீ பாத்தே, நீ பாத்தேன்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, இப்ப பாத்த மாதிரியே இருக்குங்க. பச்சைப் புடவை கட்டியிருந்துச்சு. கண்ணுக்கு நேரா அது வரைக்கும் தெரியுது.”

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் அவளைத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பச்சைப் புடவை அவன் மண்டைக்குள் எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியாது. அவள் அடித்த ஒரு வார்த்தை பதினொரு மாதத்தில் அவனுக்குள் ஒரு ஆளாகவே வளர்ந்து நின்றது.

அடுத்தது அவள் முறை. இருபத்தொன்பது வருஷம் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தவள் முதல்முதலாகக் கூண்டில் ஏறினாள். உள்ளே நின்றால் மேடை அவ்வளவு உயரமாகத் தெரியும் என்று அவள் நினைத்ததே இல்லை. நடந்ததைச் சொன்னாள். அரசு வக்கீல் எழுந்தார்.

“ஒரு கதைப் புத்தகத்தில் மூழ்கி உண்மையை மாற்றி அடித்தீர்கள். இன்று அதே கதைப் புத்தகத்தின் மயக்கத்தில் இங்கே வந்து தியாகி வேஷம் போடுகிறீர்கள். அப்படித்தானே?”

“வேஷம் இல்லைங்க” என்றாள். அவர் சொன்னதில் பாதி உண்மை என்பது அவளுக்கே தெரிந்ததால் குரல் எழும்பவில்லை. முன்வரிசையில் இறந்த முதியவரின் மகள் உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு தேதிக்கும் வந்தவள். யாரோ ஒருவர் செய்தார் என்று சொல்லி முடித்தால் போதும் என்று காத்திருந்தவள். அவள் கிறுக்கம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வைக்குப் புத்தகங்களில் இடமே இருந்ததில்லை.

நோட்டைப் படிக்கப் பக்கத்து நீதிமன்றத்துச் சுருக்கெழுத்தாளரை அழைத்திருந்தார்கள். ஒரு மின்விசிறிக்காக அவளோடு சண்டை போட்டு நாலு வருஷமாகப் பேசாத ஆள். நோட்டை வெளிச்சத்தில் பிடித்து ஒரே சுருதியில் படித்தார்: “‘நான் பார்க்கவில்லை. கதவுச் சத்தம் மட்டும்தான் கேட்டது.’” பிறகு யாரும் கேட்காமலே சேர்த்துச் சொன்னார்: “கோடு சுத்தமா இருக்குங்க ஐயா. இந்தம்மா எழுத்துல எப்பவுமே குழப்பம் இருக்காது.” அவள் முகத்தைப் பார்க்காமலே இறங்கிப் போய்விட்டார்.

தீர்ப்பு மூன்று வாரத்தில் வந்தது. ஆயா விடுதலை. நீதிபதி நான்கு வரியில் வாசித்துவிட்டு அடுத்த வழக்கைக் கூப்பிடச் சொன்னார். கை தட்டவோ கட்டிப்பிடிக்கவோ யாருமில்லை. ஆயாவுக்கு என்ன நடந்தது என்று புரிவதற்குள், கூண்டை விட்டு இறங்கச் சொன்னார்கள். அங்கே நிற்க அடுத்த ஆள் வந்துவிட்டிருந்தான்.

கிறுக்கம்மாவுக்கு எழுத்து மூலம் கண்டனம். சாட்சியம் எழுதும் வேலையிலிருந்து எடுத்து நகல் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். ஜன்னல் இல்லாத அறை. தீர்ப்புகளைத் திரும்ப அடித்து, சரிபார்த்து, முத்திரை வைத்து, வாசலில் நிற்பவர்களிடம் கொடுக்க வேண்டும். வேலை போகாததற்குக் காரணம் நீதிபதி எழுதிய குறிப்பு என்று தலைமை எழுத்தர் சொன்னார். சொல்லும்போது அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

நகல் பிரிவில் முதல் வாரமே ஆயாவின் தீர்ப்பு அவள் மேஜைக்கு வந்தது. வழக்கமாக நகல் கிடைக்க ஒரு மாதம் ஆகும். அவள் அன்றைக்கே அடித்து, ஒவ்வொரு வரியையும் அடிக்கோல் வைத்துச் சரிபார்த்து, ஆயாவுக்குத் தகவல் அனுப்பினாள்.

மறுநாள் ஆயா வந்தாள். நடைபாதை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆயா காகிதத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

“கடைசில என்ன போட்டிருக்குன்னு படிங்க. அன்னைக்கு எனக்கு ஒண்ணும் காதுல ஏறல.”

கிறுக்கம்மா படித்தாள். “‘குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படாததால், சந்தேகத்தின் பலனை அளித்து விடுதலை செய்யப்படுகிறார்.’”

“நான் செய்யலன்னு போட்டிருக்கா?”

“இப்படித்தாம்மா போடுவாங்க.”

“அது சரிங்க. நான் செய்யலன்னு ஒரு வரி எங்கயாவது இருக்கா? பாருங்க.”

பதினொரு பக்கம். அத்தனை வார்த்தையும் அவளே அடித்தது. இருந்தும் முதல் பக்கத்திலிருந்து விரல் வைத்துப் பார்த்தாள். ஆயா குனிந்து அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடைபாதையில் ஆட்கள் அவர்கள் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்தபோது விரல் வேர்த்திருந்தது.

“இல்லம்மா.”

“வேற எங்கயாவது வேலை கேட்டா இதத்தான் காட்டணுமா?”

“ஆமா.”

ஆயா காகிதத்தை நாலாக மடித்தாள். “நீங்க அன்னைக்கே ஒழுங்கா அடிச்சிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காதில்ல?”

“வந்திருக்காதும்மா. என்ன மன்னிச்சிடு.”

ஆயா அவளைத் திரும்பிப் பார்த்தாள். கோபம் இல்லை, கோபப்படக் கொஞ்சம் மிச்சம் இருந்தால்தானே. “இப்ப அதுக்கெல்லாம் தெம்பில்லைங்க” என்றாள். பிறகு எழுந்து, புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு, படியிறங்கிப் போய்விட்டாள். கிறுக்கம்மா உள்ளே போய் அடுத்த கட்டைப் பிரித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கிறுக்கம்மா பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றரை மாதமாக அவள் அலமாரிப் பக்கமே போகவில்லை. நாத்தனாரும் வற்புறுத்தவில்லை. அன்று அவளாகவே, “புதுசா ஏதாவது வந்திருக்கா?” என்றாள்.

“ஒண்ணு வந்திருக்கு. மறுபடியுமா, அண்ணி?”

“கொண்டா.”

நாத்தனார் எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அட்டையில் இந்தத் தடவை ஓடுகிற பெண் இல்லை. ஒரு நாற்காலி மட்டும் இருந்தது. கிறுக்கம்மா வாங்கிக்கொள்ளவில்லை. “கண்ணு எரியுது. நீயே படி. கடைசி அத்தியாயம்.”

“கடைசியையா? கதை என்னன்னே தெரியாதே. யாரு என்ன செஞ்சாங்கன்னு தெரியாம...”

“அந்தப் பொண்ணு செய்யலன்னு யாராவது ஒருத்தர் எழுந்து எல்லார் முன்னாலயும் சொல்லுவாங்கல்ல. அந்த எடத்தப் படி.”

நாத்தனார் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடைசிப் பக்கங்களைப் புரட்டி அந்த இடத்தைத் தேடி, முப்பது வருஷம் வகுப்பில் பாடம் நடத்திய குரலில், நிறுத்தி நிறுத்திப் படிக்க ஆரம்பித்தாள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் சத்தம் போடாமல் அடுக்கத் தொடங்கினார். கிறுக்கம்மா கண்ணை மூடிக்கொண்டு, பட்டை கட்டிய கையை மடியில் போட்டபடி, கேட்டுக்கொண்டிருந்தாள்.